பழைய சுண்ணாம்புச் சூளையை மண்ணுக்குள் அடையாளம் காண்பது எப்படி?

யாழ்ப்பாணத்தில் அத்திவாரம் வெட்டும் எந்தக் கிடங்கிலும் வெள்ளைக் கல் வரும். அலவாங்கு பட்டால் கல், மண்வெட்டி பட்டால் மக்கி. குடாநாடே சுண்ணாம்புக் கல்லின் மேல்தான் இருக்கிறது. அதனால் கிடங்கின் ஓரத்தில் வெண்மையாக இறுகிய ஒரு படிவும், அதன் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டையும், அதற்கும் கீழே கல்லாகக் கடினப்பட்ட செம்மண்ணும் தெரிந்தால் யாரும் நின்று பார்ப்பதில்லை. பெக்கோ இரண்டு அள்ளில் வாரி லொறியில் கொட்டிவிடும். அந்த மூன்றும் அந்த ஒழுங்கில் வந்தால், அங்கே ஒரு காலத்தில் சுண்ணாம்புச் சூளை எரிந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

சுண்ணாம்புச் சூளை பார்ப்பதற்கு அழகான பொருள் இல்லை. சிலையும் நாணயமும் நூதனசாலையின் கண்ணாடிப் பெட்டிக்குள் இடம் பிடிக்கும். எரிந்த குழி பிடிக்காது. ஆனால் ஒரு நகரம் எப்படிக் கட்டப்பட்டது என்று கேட்டால் எனக்குச் சிலையைவிடச் சூளையே கூடுதலாகச் சொல்கிறது. எந்தக் கல்லை எடுத்தார்கள், எந்த விறகை எரித்தார்கள், பெரிய கட்டடம் எந்தக் காலத்தில் எழுந்தது, எதை இடித்து எதைக் கட்டினார்கள் என்ற கேள்விகளுக்கெல்லாம் அந்தக் குழிக்குள் தடயம் கிடக்கும். தொல்லியல் படிக்காதவரும் அதை வாசிக்கப் பழகலாம். அதற்கு முதலில் சூளைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கல் சுண்ணாம்பாவது எப்படி

சுண்ணாம்புக் கல், கடலில் வளரும் முருகைக்கல், சிப்பி, ஊரி, சங்கு, சலவைக்கல் எல்லாவற்றிலும் இருப்பது பெரும்பாலும் ஒரே பொருள்: கல்சியம் காபனேற்று. அதைச் சுமார் 900 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால், உள்ளே கட்டுண்டிருந்த காபனீரொட்சைட்டு வாயு பிரிந்து வெளியேறுகிறது. எஞ்சுவது கல்சியம் ஒட்சைட்டு. இதையே சுட்ட சுண்ணாம்பு என்கிறோம். தூய கல் 100 கிலோவைச் சூளையில் இட்டால் 56 கிலோதான் திரும்பி வரும். மீதி 44 கிலோ காற்றோடு போய்விடும். கல்லின் உருவம் பெரிதாக மாறாது. நிறை மட்டும் இறங்கியிருக்கும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ரோமக் கட்டடக் கலைஞர் விற்றுருவியஸ் இதைக் கவனித்திருக்கிறார். சூளையில் வெந்த கல் அதே பருமனோடு வெளியே வந்தாலும் நிறையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கும் என்று எழுதினார். வாயுக்களைப் பற்றி எவருக்கும் எதுவும் தெரியாத காலத்தில், தராசை மட்டும் நம்பிச் சொன்ன கணக்கு அது.

சுட்ட சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் அது சீறும், வெடிக்கும், ஆவி கக்கும், கடைசியில் மாவாக உதிரும். இதுதான் நீற்றுதல். அந்த வெப்பத்தில் ஊற்றிய தண்ணீரே கொதித்துவிடும். கண்ணில் தெறித்தால் பார்வை போகலாம். நீறிய சுண்ணாம்பைக் குழியில் தண்ணீருக்குள் கிடக்கவிட்டால் நாள்பட நாள்பட நன்றாகக் குழைந்து வரும். மூன்று ஆண்டுக்குக் குறைந்த சுண்ணாம்பைப் பயன்படுத்தக் கூடாது என்று பழைய ரோமச் சட்டங்கள் சொன்னதாக ரோம எழுத்தாளர் பிளினி குறித்திருக்கிறார்.

ஊறிய சுண்ணாம்போடு மணலைச் சேர்த்துக் குழைத்தால் சாந்து. தமிழ்க் கட்டட மரபில் கடுக்காய் ஊறிய நீரையும் பனங்கட்டிக் கரைசலையும் அதில் சேர்ப்பார்கள். சுவரில் பூசப்பட்ட சாந்து காய்ந்துவிட்டதனால் மட்டும் இறுகுவதில்லை. காற்றிலிருக்கும் காபனீரொட்சைட்டைச் சிறிது சிறிதாக உள்ளே இழுத்து, மீண்டும் கல்சியம் காபனேற்றாகிறது. சூளையில் இழந்ததைச் சுவரில் நின்றபடி திரும்பப் பெற்றுக்கொள்கிறது. கல் சுண்ணாம்பாகி, சுண்ணாம்பு மறுபடி கல்லாகும் இந்தச் சுற்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய சூளையை அடையாளம் காண்பதும் அதன் வயதைக் கணிப்பதும் இதை வைத்துத்தான்.

சூளையின் அமைப்பு

மிகப் பழைய முறை எளிமையானது. மண்ணில் வட்டமான ஒரு குழி. அதன் உட்சுவருக்குக் களிமண் பூச்சு அல்லது தீயைத் தாங்கும் கல் கட்டு. அடியில் நெருப்புக்கு இடம் விட்டு, குழியின் சுற்றுவட்டத்தில் ஒரு திண்ணைபோன்ற விளிம்பு வைப்பார்கள். அந்த விளிம்பில் ஊன்றிப் பெரிய கற்களை வளைவாக அடுக்கி ஒரு கூரையாக்கி, அதன்மேல் சிறிய கற்களைக் குவிப்பார்கள். காற்று வரும் பக்கமாக ஒரு சூளைவாய். அதன் வழியாக விறகைத் தள்ளித் தள்ளி, இரவு பகலாகப் பல நாட்கள் எரிக்க வேண்டும். கல் வெந்து, குவியல் கீழிறங்கிய பிறகு நெருப்பை விட்டு, சூளை ஆறும் வரை காத்திருந்து, பிரித்து எடுக்க வேண்டும். ஒரு முறை எரித்து ஒரு முறை காலி செய்வதால் இதை இடைவிட்டு எரியும் சூளை எனலாம். கிறிஸ்துவுக்கு முந்திய இரண்டாம் நூற்றாண்டில் ரோமர் காத்தோ இத்தகைய சூளைக்கு அளவே கொடுத்திருக்கிறார்: அகலம் 10 அடி, உயரம் 20 அடி, உச்சியில் 3 அடியாக ஒடுங்க வேண்டும்.

இன்னொரு முறையில் கல்லையும் எரிபொருளையும் அடுக்கடுக்காக மாற்றி மாற்றிப் போடுவார்கள். கீழிருந்து வெந்ததை வாரி எடுக்க, மேலிருந்து புதியது போட, சூளை ஆறாமல் எரிந்துகொண்டே இருக்கும். சிப்பியையும் ஊரியையும் சுடுவதற்கு அடுக்கு முறையே வசதி. அவற்றை வளைவாக அடுக்க முடியாது. குவித்தால் நெருங்கிப் படிந்து நெருப்புக்கு வழி விடாது. கரியோடு கலந்து போட்டால் உள்ளேயே எரியும். வீட்டுத் தேவைக்குச் சிப்பி சுட்ட சூளைகள் சிறியவையாகவே இருந்தன.

சுண்ணாம்பு என்றால் நமக்குச் சுவர் மட்டும் நினைவுக்கு வராது. வெற்றிலைத் தட்டில் அதற்கு இடம் உண்டு. கருப்பநீர் இறக்கும் முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசாவிட்டால் அது புளித்துக் கள்ளாகிவிடும். பனங்கட்டி காய்ச்ச முடியாது. ஆகவே பனையும் கடலும் உள்ள ஊரில் கோட்டையோ கோயிலோ கட்டாத காலத்திலும் சிறுசூளைகள் எரிந்துகொண்டுதான் இருந்திருக்கும். பெரிய குழியில் கல்லும் சிறிய குழியில் சிப்பியும் கிடந்தால், முதலாவதைக் கட்டட வேலையோடும் இரண்டாவதை வீட்டுத் தேவையோடும் பொருத்திப் பார்ப்பது நியாயமான தொடக்கம். அது முடிவு ஆகாது.

இந்த வேலை ஆபத்தானது. காபனீரொட்சைட்டு காற்றைவிடக் கனமானது. தாழ்வான இடத்தில் தேங்கி நிற்கும். அரைகுறையாக எரியும் விறகிலிருந்து நச்சு வாயுவும் வரும். குளிர்நாடுகளில் சூளையின் கதகதப்பை நாடி அதன் விளிம்பில் படுத்த வழிப்போக்கர்கள் விடியும்போது பிணமாகக் கிடந்த செய்திகள் பழைய பதிவுகளில் உண்டு. தேவாலயங்களின் கோபுரங்களைப் புகழ்கிறவர்கள் இந்தத் தொழிலாளர்களையும் நினைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

நகரத்தின் நடுவில் ஏன் சூளை?

புகையும் நெருப்பும் நிறைந்த இந்த வேலையை ஊருக்கு வெளியே வைத்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். ஐரோப்பாவின் இடைக்கால நகரங்களில், அதாவது ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டுக்கும் 15ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட காலப் படிவுகளில், சூளைகள் பல நகரத்துக்குள்ளேயே கிடைக்கின்றன. காரணம் சுட்ட சுண்ணாம்பின் குணம். வழியில் மழை பட்டால் அது வண்டியிலேயே கொதிக்கத் தொடங்கும்; படகில் ஏற்றிய சுண்ணாம்பு நனைந்தால் படகே தீப்பிடிக்கலாம். ஆகவே பெரிய கட்டடம் எழும் இடத்துக்குப் பக்கத்திலேயே குழி வெட்டி எரித்துவிட்டு, வேலை முடிந்ததும் மூடிவிட்டுப் போவார்கள். தொல்லியலாளருக்கு இது பெரிய உதவி. சூளை கடைசியாக எரிந்த காலம் தெரிந்தால் பக்கத்துக் கட்டடத்தின் காலமும் பிடிபடும்.

புகையால் வந்த சண்டையும் உண்டு. இலண்டனில் சுண்ணாம்புச் சூளைகள் விறகை விட்டுக் கடல்வழி வந்த நிலக்கரிக்கு மாறியபோது நகரத்தார் முறையிட்டார்கள். 1307இல் முதலாம் எட்வர்ட் மன்னர் சதக் பகுதிச் சூளைகளில் நிலக்கரி எரிப்பதைத் தடைசெய்து ஆணையிட்டார். காற்று மாசைப் பற்றிய மிகப் பழைய அரசாணைகளில் ஒன்று இப்படிச் சுண்ணாம்புச் சூளையால் பிறந்தது.

எல்லாவற்றையும்விட மனத்தை உறுத்துவது ரோம் நகரம். அங்கே கிறிப்டா பால்பி என்ற இடம் இருக்கிறது. கி.மு. 13இல் திறக்கப்பட்ட ஒரு நாடக அரங்கின் பின்முற்றம் அது. 1981இல் தொடங்கிய நீண்ட அகழாய்வில், அந்த முற்றத்தின் அரைவட்டக் கட்டடத்துக்குள் 8ஆம் நூற்றாண்டுச் சுண்ணாம்புச் சூளை ஒன்று வெளிப்பட்டது. சலவைக்கல் கட்டடத்துக்குள்ளேயே சூளை ஏன்? எரிப்பதற்கான கல் அந்தக் கட்டடங்கள்தான். மலைக்குப் போய்க் கல் உடைப்பதைவிட, கைவிடப்பட்ட பழைய மாளிகையின் தூணையும் சிலையையும் உடைத்துச் சூளையில் போடுவது சுலபம். ரோமில் இது பல நூற்றாண்டுகள் தொடர்ந்தது. 16ஆம் நூற்றாண்டில் ஓவியர் ரஃபேல், பாப்பரசர் பத்தாம் லியோவுக்கு எழுதிய கடிதத்தில், பழைய சலவைக்கல்லைச் சுட்ட சுண்ணாம்பால்தான் தாங்கள் காணும் புதிய ரோம் கட்டப்பட்டது என்று வேதனைப்பட்டார்.

கருங்கல் இந்தச் சூளைகளுக்கு இரையாகவில்லை. அதில் காபனேற்று இல்லை. எவ்வளவு சுட்டாலும் சுண்ணாம்பு வராது. ரோமில் கருங்கல் தூண்கள் இன்றும் நிற்பதற்கும் சலவைக்கல் சிலைகள் ஆயிரக்கணக்கில் மறைந்ததற்கும் இது ஒரு காரணம். ஓர் ஊரில் எது எஞ்சியிருக்கிறது என்று பார்க்கும்போது, எது எரியக் கூடியது என்ற கேள்வியையும் கேட்க வேண்டும். 1621இல் போர்த்துக்கேயர் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தார்கள். அதன் கற்கள் யாழ்ப்பாணக் கோட்டைக்குப் போயின என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. கருங்கல் யாழ்ப்பாண மண்ணில் கிடைப்பதில்லை. வெளியிலிருந்து வர வேண்டும். அது மறுபடி சுவராகலாம், படியாகலாம், சாந்து மட்டும் ஆகாது. சுண்ணாம்புக் கல்லோ முருகைக்கல்லோ என்றால் அது எப்படியும் ஆகலாம்.

எஞ்சுவது என்ன? யாழ்ப்பாணத்தில் அதை எப்படிப் பார்ப்பது?

சூளையின் மேற்பகுதி பெரும்பாலும் மிஞ்சாது. பிற்காலத்தவர் அந்தக் கல்லையும் எடுத்திருப்பார்கள். மிஞ்சுவது அடிப்பகுதி: ஒரு பெரிய சட்டியின் அடியைப்போலக் குழிந்த வட்டம், உட்சுவரில் வெந்து இறுகிய மண், சுற்றிவர அந்தத் திண்ணை விளிம்பு, ஒரு பக்கத்தில் சூளைவாய், அதன் எதிரே சாம்பலை வாரிக் கொட்டிய குழி. மட்பாண்டச் சூளை என்றால் உடைந்த ஓடுகள் குவிந்திருக்கும். இரும்பு உருக்கிய உலை என்றால் கனமான கசடு கிடக்கும். சுண்ணாம்புச் சூளையில் இந்த இரண்டும் இராது. அதற்குப் பதிலாக வெந்த சுவரில் வெள்ளைப் பொருக்கும், அடியில் கரி, சாம்பல், சுண்ணாம்புத் தூளும், வேகாத கற்களும் கிடைக்கும்.

பாடநூல்கள் "சிவந்த மண்ணைத் தேடு, வெள்ளைப் படிவைத் தேடு" என்று சொல்லும். வேறு நாட்டில் இது போதும். யாழ்ப்பாணத்தில் போதாது. சுன்னாகத்திலும் உரும்பிராயிலும் கோப்பாயிலும் செம்பாட்டு மண் இயற்கையாகவே சிவப்பு. வெள்ளைக் கல்லும் எங்கும் இருக்கிறது. நிறத்தை மட்டும் நம்பினால் ஊர் முழுவதும் சூளையாகத்தான் தெரியும்.

அதனால் கையால் பார்க்க வேண்டும். சந்தேகப்படும் சிவப்பு மண்ணில் நெல்லிக்காய் அளவு ஒரு துண்டைத் தண்ணீர்க் கோப்பையில் போடுங்கள். வெறும் செம்பாட்டு மண் என்றால் சிறிது நேரத்தில் குமிழி விட்டு, ஓரம் கரைந்து, அடியில் சேறாகப் படியும். தீயில் வெந்த மண் கரையாது. ஒரு நாள் கழித்து எடுத்தாலும் போட்ட உருவத்தில் இருக்கும். வெந்த மண்ணில் இன்னொரு குறியும் உண்டு. நெருப்பை நோக்கிய பக்கம் மிகக் கடினமாகவும், அதிலிருந்து விலக விலக மென்மையாகவும் மாறி, கைவிரல் நீளத்துக்குள் அல்லது சாண் நீளத்துக்குள் சாதாரண மண்ணோடு கலந்துவிடும். இயற்கை மண்ணில் இந்த மாற்றம் ஒரு வட்டத்தைச் சுற்றி ஒழுங்காக வராது.

வெள்ளைக் கட்டியையும் உடைத்துப் பார்க்க வேண்டும். இயற்கையான சுண்ணாம்புக் கல் உள்ளும் புறமும் ஒரே தன்மையாக இருக்கும். சில துண்டுகளில் பழைய கடற்சிப்பியின் அச்சு தெரியும். சூளையில் அரைகுறையாக வெந்த கல் அப்படி இராது. வெளியே நகத்தால் சுரண்டினால் உதிரும் வெள்ளைத் தோல், உள்ளே வேறு நிறத்தில் கடினமான கரு. வெப்பம் வெளியிலிருந்து உள்ளே போகப் போதிய நேரம் கிடைக்காததற்கு அந்தக் கருவே சாட்சி. சூளைக்காரர்கள் இவற்றை நீற்றும்போது ஒதுக்கி எறிந்துவிடுவார்கள். சூளை இருந்த இடத்தைச் சுற்றி இத்தகைய கழிவுக் கற்கள் கிடைப்பது வலுவான அடையாளம்.

தேசிக்காய்ச் சாறு விட்டு நுரைக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. இந்த வேலைக்கு அது பயன்படாது. மண்ணுக்குள் நூற்றாண்டுகள் கிடந்த சுண்ணாம்பு காற்றையும் நீரையும் வாங்கி மறுபடி காபனேற்றாகிவிட்டது. எரியாத கல்லும் நுரைக்கும், எரிந்து திரும்பியதும் நுரைக்கும்.

முருகைக்கல்லில் ஆய்வுகூடத்துக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. முருகையின் எலும்புக்கூடு கல்சியம் காபனேற்றின் ஒரு பளிங்கு வடிவம். அதன் பெயர் அரகோனைற்று. சூளையின் வெப்பத்தில் அது 900 பாகையை எட்டுவதற்கு நெடுநேரம் முன்பே கல்சைற்று என்ற இன்னொரு வடிவத்துக்கு மாறிவிடும். எக்ஸ் கதிரால் சோதித்தால் இரண்டும் வேறுவேறாகத் தெரியும். வெந்த தோலில் கல்சைற்றும் வேகாத கருவில் அரகோனைற்றும் இருந்தால் அந்தக் கல் நெருப்பைக் கண்டது என்று உறுதியாகச் சொல்லலாம்.

கரியும் பேசும். விறகு கரியான பின்னும் அதன் உள்ளமைப்பு அழிவதில்லை. நுணுக்குக்காட்டியின் கீழே வைத்தால் எந்த மரம் என்று பிரித்தறியலாம். பனையையும் தென்னையையும் பிற மரங்களோடு குழப்பவே முடியாது. அவற்றில் ஆண்டு வளையம் கிடையாது. நார்க்கட்டுகள் தண்டு முழுவதும் சிதறிக் கிடக்கும். சூளைக் கரியில் பனையும் ஊமலும் மிகுந்திருந்தால் அக்கம்பக்கத்தில் கிடைத்ததை எரித்தார்கள் என்று பொருள். வன்னிக் காட்டின் பாலையோ முதிரையோ மிகுந்திருந்தால் யாரோ விறகைத் தொலைவிலிருந்து தருவித்திருக்கிறார்கள். அதற்குப் பணமோ அதிகாரமோ இருந்திருக்கிறது.

குழியைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால் சாம்பலும் சுண்ணாம்பும் மாறி மாறி வருவது தெரியலாம். ஒவ்வொரு சோடியும் ஒரு முறை எரித்ததன் எச்சம். ஒரே சோடி என்றால் ஒரே கட்டடத்துக்காகத் தோண்டி விட்டுப்போன சூளை. பல சோடிகளும், வெந்த சுவரில் மேலுக்கு மேல் பூசிய களிமண்ணும் இருந்தால் அங்கே நிலையான தொழில் நடந்திருக்கிறது.

வயதை அறிவது

கரி கிடைத்துவிட்டால் காபன் 14 முறையில் காலம் கணிக்கலாம். உயிரோடு இருக்கும் மரம் காற்றிலிருந்து காபனை எடுத்துக்கொண்டே இருக்கும். இறந்த பின் அதிலுள்ள காபன் 14 தேயத் தொடங்கும், 5730 ஆண்டுகளில் பாதியாகும். எஞ்சியதை அளந்தால் எப்போது இறந்தது என்று தெரியும். இதில் ஒரு பொறி இருக்கிறது. பெரிய பாலை மரத்தின் உள்வைரம், மரம் வெட்டப்படுவதற்கு நூறு ஆண்டுகளுக்கும் முன்னரே வளர்ச்சியை முடித்திருக்கும். அந்த வைரத்துண்டை அளந்தால் சூளை உண்மையைவிட நூறாண்டு பழையதாகத் தோன்றும். அதனால் சிறு சுள்ளி, சிரட்டை, ஊமல் போன்று ஓரிரண்டு ஆண்டில் வளர்ந்து எரிந்தவற்றைத் தேடி எடுப்பதே நல்லது.

வெந்த களிமண் இன்னொரு வழியைத் தருகிறது. அதிலுள்ள இரும்புத் தாதுக்கள் கடும் வெப்பத்தில் தம் பழைய காந்தத் திசையை இழந்துவிடும். ஆறும்போது அந்த நேரத்தில் பூமியின் காந்தப்புலம் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தத் திசையைப் பிடித்துக்கொள்ளும். பூமியின் காந்தத் திசை நூற்றாண்டுகளில் மெல்ல மாறுகிறது. அந்தப் பிரதேசத்துக்கு மாற்ற வரைபடம் இருந்தால், சூளை கடைசியாக ஆறிய காலத்தை மண்ணிலிருந்தே படிக்கலாம். இதே காந்தப் பண்பினால்தான் தோண்டாமலே, நிலத்தின் மேல் கருவியோடு நடந்து, கீழே சூளை இருப்பதைக் கண்டுபிடிக்க முடிகிறது.

மூன்றாவது வழி சாந்து. முன்பு சொன்ன சுற்று இங்கே வேலை செய்கிறது. சாந்து இறுகும்போது உள்ளே இழுத்துக்கொண்ட காபனீரொட்சைட்டு அந்த ஆண்டின் காற்றிலிருந்து வந்தது. அதைப் பிரித்து அளந்தால் சுவர் கட்டப்பட்ட காலமே கிடைக்கும். யாழ்ப்பாணத்தில் இதைச் செய்வதற்குத் தனிக் கவனம் வேண்டும். நம் சுண்ணாம்புக் கல் மயோசீன் காலத்தில் கடலடியில் உருவானது. 50 இலட்சம் ஆண்டுகளுக்கும் பழையது. அதில் காபன் 14 அறவே இல்லை. சாந்துக்குள் வேகாத கல்துணுக்கு சிறிதளவு கலந்திருந்தாலும் கணக்கு நூற்றுக்கணக்கான ஆண்டுகள் பின்னோக்கி ஓடிவிடும். முருகைத் துணுக்கும் சிப்பித் துணுக்கும் கலந்திருந்தால் வேறு பிழை: கடலில் வளர்பவை உயிரோடு இருக்கும்போதே காபன் கணக்கில் சில நூறு ஆண்டு மூப்பாகத் தெரியும். இதற்குத் தீர்வு சாந்துக்குள்ளேயே இருக்கிறது. பழைய சுவர்களை உற்றுப் பார்த்தால் சாந்தில் மணிமணியாக வெள்ளைக் கட்டிகள் தெரியும். சரியாகக் கலக்கப்படாமல் தனித்து நின்றுவிட்ட சுண்ணாம்பு அவை. மணலோ கல்துணுக்கோ அவற்றில் இராது. ஆய்வாளர்கள் ஊசி முனையால் அவற்றை மட்டும் எடுத்து அளக்கிறார்கள்.

நம்மைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்பு

கந்தரோடையின் சிறு பௌத்தத் தூபிகள் முருகைக்கல்லால் கட்டிச் சுண்ணாம்பு பூசப்பட்டவை. 1910களின் கடைசியில் வரலாற்றாய்வாளர் போல் பீரிஸ் அங்கே அகழ்ந்தார். நல்லூரைத் தலைநகராகக் கொண்ட அரசு 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. அவர்கள் பண்ணைக் கரையில் எழுப்பிய கோட்டையை 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, ஐந்து மூலைக் கோட்டையாக மாற்றிக் கட்டினார்கள்; வெளி அரண் வேலை 1792 வரை நீண்டது. அடுத்த மூன்றே ஆண்டில் ஆங்கிலேயர் அதைப் பெற்றுக்கொண்டார்கள். அத்தனை மதிலும் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். கடல்நடுவே நிற்கும் அம்மன்னீல் கோட்டையும், நெடுந்தீவின் கோட்டையும் புறாக்கூடும், சங்கானையில் சிதைந்து நிற்கும் பழைய தேவாலயமும் அப்படியே. இவ்வளவு சாந்துக்கும் சுண்ணாம்பு எங்கோ எரிந்திருக்கிறது. மேலே சொன்ன கணக்குப்படி ஒவ்வொரு 56 கிலோ சுட்ட சுண்ணாம்புக்கும் குறைந்தது 100 கிலோ கல் சூளைக்குள் போயிருக்கிறது. அதற்கான விறகு வேறு. மதில்களைப் பற்றி எழுதப்பட்ட அளவில் நூறில் ஒரு பங்கும் சூளைகளைப் பற்றி எழுதப்படவில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

கோட்டைக்குள் 2010களில் நடந்த அகழாய்வுகளில், போர்த்துக்கேயர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முந்திய உள்ளூர் மட்பாண்டங்களும் சீன மட்கலங்களும் கிடைத்தன. பண்ணைக் கரை நெடுங்காலமாக ஆள் வாழ்ந்த, வணிகம் நடந்த இடம். அத்தகைய இடத்தில் வெந்த மண் ஒவ்வொன்றும் கேட்டுப் பார்க்க வேண்டிய சாட்சி.

சுண்ணாம்பின் காலத்தை முடித்துவைத்தது சீமெந்து. காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதுவும் நம் சுண்ணாம்புக் கல்லையே தின்றது. அதோடு முருங்கன் களிமண்ணைச் சேர்த்துச் சுமார் 1450 பாகையில் சுட்டது. போர் அதை 1990இல் நிறுத்தியது. மறுபுறம், 1988இல் திருத்தப்பட்ட கரையோரப் பாதுகாப்புச் சட்டம் கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதைத் தடைசெய்தது. அது சரியான தடை. முருகைப் பார்கள் கரையைக் காக்கும் அரண்கள். இன்று பழைய மதிலைத் திருத்த வேண்டுமென்றால் இடிபாட்டில் விழுந்த கல்லை எடுத்து அடுக்க வேண்டும். சாந்தும் சுண்ணாம்பாகவே இருக்க வேண்டும். உப்புக் காற்றில் நிற்கும் முருகைச் சுவருக்குச் சீமெந்து பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கி, உப்பு பூத்து, கல்லையே அரித்து உதிர்த்துவிடும்.

கிடங்கில் கண்டால்

வேலையை அந்த மூலையில் மட்டும் நிறுத்துங்கள். முழுக் கிடங்கையும் நிறுத்தத் தேவையில்லை. வெட்டுமுகத்தை மண்வெட்டியால் நேராகச் சீவி, பக்கத்தில் ஓர் அளவுகோலை நிறுத்தி, நிழல் விழாத நேரத்தில் படம் எடுங்கள். நிலமட்டத்திலிருந்து எத்தனை அடி ஆழம், வட்டம் எவ்வளவு அகலம், சூளைவாய் எந்தத் திசை நோக்குகிறது என்று மேசனிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் சோளகம் தென்மேற்கிலிருந்தும் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்தும் வீசும். வாய் நோக்கும் திசை, எந்தப் பருவத்தில் எரித்தார்கள் என்பதற்கு ஒரு குறிப்பாகலாம்.

1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி, கண்டெடுத்த பழம்பொருளை அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டியது கண்டவரின் கடமை. தொல்லியல் திணைக்களத்துக்கும், முடிந்தால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் ஆசிரியர்களுக்கும் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை கரியை எடுக்காமல் இருப்பதே நல்லது. மழை வந்து அடித்துப்போகும் என்ற நிலை வந்தால் மட்டும், கழுவிய கரண்டியால் எடுத்து, அலுமினியத் தாளில் சுற்றி, எடுத்த ஆழத்தை எழுதி வையுங்கள். கையால் தொட்டால் தோலின் எண்ணெய் ஒட்டும். காகிதத்திலோ பஞ்சிலோ பொதிந்தால் அவற்றின் காபன் கரியோடு கலந்துவிடும்.